கரைவதற்காகவே ஓர் உருவம்

ஒருவர் பல நாட்கள் தரையில் அமர்ந்து, கண்ணும் கையும் களைத்துப்போகும் வரை ஓர் ஓவியம் வரைகிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் வண்ணமும் அன்று, மையும் அன்று. நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் உப்பு. ஓவியம் முடிந்ததும் மக்கள் வந்து பார்க்கிறார்கள், வியக்கிறார்கள். குறித்த நாளில் அதே மக்களை அழைத்து, அவர்கள் கைகளாலேயே அந்த ஓவியத்தைக் கலைக்கச் சொல்கிறார். அள்ளிய உப்பைக் கடலில் கரைத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்புகிறார்கள்.

அவர் பெயர் மோட்டோய் யமமோட்டோ. 1966-ஆம் ஆண்டு ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் ஓனோமிச்சி என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். உலகின் பல நாடுகளில் கண்காட்சி அரங்குகளின் தரையெங்கும் உப்பால் கோலமிட்டுவரும் கலைஞர்.

கரையப் போவது உறுதி என்று தெரிந்த ஒன்றை இத்தனை கவனத்தோடு ஏன் செய்ய வேண்டும்? இந்தக் கேள்வி ஓர் ஓவியருக்கு மட்டும் உரியதன்று. விடியற்காலையில் வாசலில் மாக்கோலமிடும் தாய்க்கும், பிள்ளைகளை வளர்த்து வெளியூருக்கு அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும், அழியும் உடலைப் பேணியபடி அழியாததைத் தேடும் சாதகனுக்கும் இதே கேள்வி உண்டு. நிலையாது என்று அறிந்த பிறகும் முழு மனத்தோடு எப்படி உழைப்பது? முழு மனத்தோடு உழைத்த பிறகு அதை எப்படி விடுவது?

தங்கைக்காக இட்ட கோலம்

யமமோட்டோவின் உப்பு துயரத்திலிருந்து வந்தது. மூளையில் ஏற்பட்ட கட்டியால் அவருடைய தங்கை 1994-இல் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 24. ஜப்பானியரின் இறுதிச் சடங்குகளில் உப்புக்கு இடமுண்டு. சடங்கு முடிந்து வீடு திரும்புவோர், உள்ளே நுழையுமுன் சிறிது உப்பைத் தூவித் தம்மைத் தூய்மை செய்துகொள்வார்கள். சாவின் நிழலைப் போக்கும் என்று நம்பப்படும் அந்தப் பொருளையே யமமோட்டோ தம் கலைக்கு எடுத்துக்கொண்டார்.

எந்திரங்களுக்கு எண்ணெய் விடப் பயன்படும் பிளாஸ்டிக் குப்பி போன்ற ஒன்றில் உப்பை நிரப்பி, அதன் மெல்லிய மூக்கின் வழியே இழையாக விட்டுக்கொண்டே செல்வார். சில படைப்புகளில் அந்த இழைகள் முடிவில்லாமல் திரும்பித் திரும்பிச் செல்லும் புதிர்ப்பாதை ஆகும். சிலவற்றில் வெண்ணுரை போன்ற பெரும் சுழலாக விரியும். மறைந்தவரின் நினைவைத் தடம்பிடித்துச் செல்லும் முயற்சியே இது என்று அவர் விளக்கியிருக்கிறார். நினைவு மங்கிவிடக் கூடாதே என்ற கவலையோடு ஒருவர் பல மணி நேரம் குனிந்து அமர்ந்திருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். நாம் ஜபமாலையை உருட்டுவதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

கண்காட்சி முடியும்போது உப்பைக் கடலிடம் திருப்பித் தருவதை அவர் தம் படைப்பின் ஒரு பகுதியாகவே அமைத்திருக்கிறார். 2012-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் நடந்த கண்காட்சிக்கு ‘கடலுக்குத் திரும்புதல்’ என்ற பொருளில்தான் பெயரிட்டார். கடலிலிருந்து வந்தது, சில நாட்கள் ஓர் உருவம் தாங்கியது, மீண்டும் கடலுக்கே போனது. நினைவைப் பற்றிக்கொள்ளத் தொடங்கிய மனிதர், பற்றிக்கொண்டதைத் தாமே கரைக்கவும் கற்றுக்கொண்டார். இந்தத் திருப்பமே நம் சிந்தனைக்கு உரியது.

கொல்கத்தாவின் களிமண்

இதைக் கேட்கும் நமக்கு ஜப்பானைவிடக் கொல்கத்தாதான் முதலில் நினைவுக்கு வரும். உப்பின் இடத்தில் களிமண்ணையும், கடலின் இடத்தில் கங்கையையும் வைத்துப் பார்த்தால், ஒரு மாநகரமே ஆண்டுதோறும் இதே பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது.

வடகொல்கத்தாவில் கங்கைக் கரையை ஒட்டியிருக்கிறது குமார்டுலி. குயவர்களும் சிலை வடிப்போரும் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. அங்கே விலையுயர்ந்த பொருள் என்று எதுவுமில்லை. மூங்கில், வைக்கோல், சணல் கயிறு, உமி, ஆற்றங்கரைக் களிமண் ஆகியவையே மூலப்பொருள்கள். மூங்கில் சட்டத்தின் மேல் வைக்கோலை உருவமாகக் கட்டுவார்கள். உமி கலந்த மண்ணை முதலில் பூசுவார்கள். அது காய்ந்து வெடித்த பின் நுண்ணிய களிமண்ணை இழைத்து, வெடிப்புகளை மண்ணில் தோய்த்த துணியால் மூடுவார்கள். விரல்களைத் தனியே செய்து பொருத்துவார்கள். வண்ணம் தீட்டி, கூந்தல் வைத்து, நம் தஞ்சைப் பகுதியில் நெட்டி என்று வழங்கும் வெண்தக்கையில் செய்த அணிகளைச் சூட்டுவார்கள். மகாளய அமாவாசையன்று அன்னையின் கண்களைத் திறப்பது மரபு.

சிலைக்கான மண்ணில், சமூகம் ஒதுக்கிவைத்த பெண்களின் வாசலிலிருந்து எடுத்த ஒரு பிடி மண்ணும் சேர வேண்டும் என்பது பழைய விதி. எந்த வாசலையும் விலக்கிவிட்டு உலகன்னையின் உருவம் முழுமை பெறாது என்று நாம் இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இப்படி மாதக்கணக்கில் உழைத்துச் செய்த உருவம் சில நாட்களே பூஜையில் இருக்கும். விஜயதசமியன்று கங்கையில் இறங்கும். வண்ணம் கலங்கும், மண் கரையும், வைக்கோல் மிதக்கும். மூங்கிலும் கட்டையுமான சட்டத்தைக் கரையேற்றி, அடுத்த ஆண்டுச் சிலைக்கு மீண்டும் பயன்படுத்துவது உண்டு. உருவம் போகும், தாங்கும் சட்டம் திரும்பி வரும்.

பேலூர் மடத்தில் 1901-இல் சுவாமி விவேகானந்தர் முதன்முதலாகத் துர்க்கா பூஜை நடத்தியபோது நாள் மிகவும் குறைவாக இருந்தது. அந்நேரத்தில் சிலை கிடைக்குமா என்ற கவலையோடு குமார்டுலிக்கு ஆள் அனுப்பினார்கள். வேறொருவர் செய்யச் சொல்லி, வாங்கிப் போகாமல் விட்டிருந்த ஒரே ஓர் அழகிய சிலை அங்கே காத்திருந்தது. அன்னை ஸ்ரீசாரதாதேவியாரின் பெயரில் சங்கல்பம் செய்து அந்தப் பூஜை நடந்தது. அந்தச் சிலையை வடித்தவர் அது எங்கே போகும் என்று அறிந்திருக்கவில்லை. யாருக்கோ செய்தார், அது பேலூருக்கு வந்தது. செயல் நம் கையில், அது சென்று சேரும் இடம் நம் கையில் இல்லை என்பதற்கு இதைவிட இனிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

எளிய பொருளின் பெருமை

சிலைக்கு மட்டுமன்றி, சிலை வீற்றிருக்கும் பந்தலுக்கும் இதே கதைதான். 2001-இல் தென்கொல்கத்தாவின் போஸ்புகூர் சீதளா மந்திர் பூஜையில், தேநீர் குடித்துவிட்டு எறிந்துவிடும் மண்குவளைகளைக் கொண்டே பந்தலை அலங்கரித்தார் பந்தன் ராஹா என்ற கலைஞர். நகரமே திரண்டு வந்து பார்த்தது. தெருமுனையில் நாள்தோறும் காலில் மிதிபட்டு நொறுங்கும் குவளை, அன்று அன்னையின் இல்லத்துச் சுவராயிற்று. அதன் பின்னர் ஆண்டுதோறும் வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் எத்தனையோ எளிய பொருள்கள் கொல்கத்தாவின் பந்தல்களில் கலையாக மாறியிருக்கின்றன. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்க்கா பூஜையை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

குவளை மாறவில்லை; அதைப் பார்க்கும் கண் மாறியது. மண்ணை அறிந்தவன் மண்ணால் ஆன அனைத்தையும் அறிந்தவனாகிறான் என்பது சாந்தோக்கிய உபநிஷதத்தின் உபதேசம். குடம், குவளை, சிலை என்பவை பெயரும் வடிவமுமே. மண் ஒன்றே மெய். அந்த மெய்யை நினைவில் கொண்டவனுக்கு எதுவும் அற்பப் பொருளில்லை.

சில நேர்மையான ஐயங்கள்

ஆயினும் இங்கே சில ஐயங்கள் எழவே செய்யும். அவற்றை மறைப்பது முறையன்று.

பந்தல் கலைஞர்கள் பரிசுக்காகத்தானே போட்டியிடுகிறார்கள் என்று கேட்கலாம். சிறந்த பூஜைகளுக்குப் பரிசளிக்கும் வழக்கம் 1985 முதலே அங்கே வேரூன்றிவிட்டது. குமார்டுலியின் குயவர் பிழைப்புக்காகத்தானே மண்ணைக் குழைக்கிறார், அதை எப்படிப் பற்றற்ற செயல் என்பது என்றும் கேட்கலாம்.

கூலி பெறுவது வேறு, பற்று வேறு. உழைப்பவருக்கு உரிய கூலியைக் குறைத்துவிட்டு அவருக்கே நிஷ்காம கர்மத்தை உபதேசிப்பது அறமாகாது. வேலைக்குத் தகுந்த ஊதியம் பெறும் குயவர், அம்மனின் சுண்டுவிரல் நகத்தைச் செதுக்கும் அந்தக் கணத்தில் ஊதியத்தை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. எண்ணினால் விரல் கோணிப்போகும். கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுவாமிஜி, நல்ல உறுதியான செருப்பை விரைவில் செய்து முடிக்கும் தொழிலாளியை, நாள்தோறும் வெற்றுப் பேச்சுப் பேசும் பேராசிரியருக்கு மேலாக வைத்தார். பற்றின்மையின் தொடக்கம் வேலையின் தரத்தில் இருக்கிறது.

இன்னோர் ஐயம் இதைவிட ஆழமானது. எல்லாம் கரைந்துபோகும் என்று சொல்வது மனத்தை மரத்துப்போகச் செய்யாதா? ‘விடு, விடு’ என்று சொல்லிச் சொல்லி, அன்பையே விட்டுவிட மாட்டோமா?

விடுவது இழப்பது அன்று

இதற்கு விடை கொல்கத்தாவின் ஜான்பஜாரில், ராணி ராசமணியின் மாளிகையில் கிடைக்கிறது. ஓர் ஆண்டு அங்கே துர்க்கா பூஜை நடந்தபோது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரும் உடனிருந்தார். மூன்று நாள் ஆனந்தத்தில் திளைத்த மதுர்பாபுவுக்கு, தசமியன்று அன்னையைக் கங்கைக்கு அனுப்ப மனம் வரவில்லை. சிலையை யாரும் தொடக் கூடாது, பூஜை தொடர்ந்து நடக்கட்டும் என்று உறுதியாகக் கூறிவிட்டார். புரோகிதரும் உறவினரும் சொல்லிப் பார்த்தனர், பயனில்லை. கடைசியில் குருதேவர் அவரருகே வந்தார். மதுர்பாபுவின் மார்பை மெல்லத் தடவிக்கொடுத்தபடி, அன்னையைப் பிரிந்து இருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டார். இத்தனை நாள் வெளியே கூடத்தில் அமர்ந்து பூஜையை ஏற்றவள், இனி உள்ளத்தில் அமர்ந்து ஏற்பாள் என்று விளக்கினார். மதுர்பாபுவின் பிடிவாதம் தானே தளர்ந்தது.

குருதேவர் மதுர்பாபுவின் அன்பைக் குறைக்கவில்லை. அந்த அன்பு தங்கும் இடத்தை மாற்றினார். விசர்ஜனம் என்ற சடங்கின் உட்பொருளும் இதுவே. பூஜையின் தொடக்கத்தில் சாதகன் தன் இதயத்திலிருந்தே தேவியை உருவத்துக்கு எழுந்தருளச் செய்கிறான். முடிவில் அவளை இதயத்துக்கே திரும்ப அழைக்கிறான். ஆற்றில் இறங்குவது அவள் சில நாள் தங்கியிருந்த மண் இல்லம் மட்டுமே.

யமமோட்டோ தம் தங்கையை மறப்பதற்காக உப்பைக் கரைக்கவில்லை. தரையில் நினைவுச் சின்னமாகக் கிடந்ததைக் கடலுக்கு அனுப்பிய பிறகும், அவர் மீண்டும் அமர்ந்து உப்பு இழைகளை வரைகிறார். அன்பு அவரிடம் இருக்கிறது, சின்னம்தான் போயிற்று. நம் வீடுகளிலும் இப்படித்தான். மறைந்தவரின் அறையைப் பல ஆண்டுகள் பூட்டியே வைத்திருப்போர் உண்டு. அந்த அறையை ஒரு மாணவன் படிக்கத் திறந்துவிடுவோரும் உண்டு. அன்பில் இருவரும் குறைந்தவர் அல்லர். இரண்டாமவரிடம் அன்பு வழி கண்டுபிடித்துவிட்டது.

விடுவது எறிவதும் அன்று

விடுதலை எறிதலோடு குழப்பிக்கொள்ளும் பிழையும் நேரக்கூடும். தட்சிணேசுவரத்தில் 1855-இல் கோவிந்தரின் திருவுருவம் கீழே விழுந்து கால் உடைந்தது. உடைந்த சிலையைக் கங்கையில் இட்டுவிட்டுப் புதியதை நிறுவ வேண்டும் என்று பண்டிதர்கள் சொன்னார்கள். ஸ்ரீராமகிருஷ்ணரோ ராணியிடம், மருமகனுக்குக் கால் உடைந்தால் அவனைத் தள்ளிவிட்டு வேறொருவனை ஏற்போமா, மருத்துவம் செய்வோமா என்று கேட்டார். தம் கையாலேயே அந்தக் காலைப் பொருத்திச் சீர்செய்தார். அங்கே பண்டிதர்கள் காட்டியதும் கங்கைதான், விஜயதசமியன்று நாம் போவதும் கங்கைக்குத்தான். ஆனால் பழுதுபட்டது என்பதற்காகத் தள்ளுவது வேறு, நிறைவுற்றது என்பதற்காக வழியனுப்புவது வேறு.

ஜெயராம்பாடியில் ஒரு பெண் பெருக்கி முடித்ததும் துடைப்பத்தை அலட்சியமாக எறிந்தபோது, அன்னை ஸ்ரீசாரதாதேவியார் அவளைத் திருத்தினார். எறிவதற்கு ஆகும் நேரம்தான் மெதுவாக வைப்பதற்கும் ஆகும். துடைப்பமும் இந்த வீட்டில் ஒன்று, அதற்குரிய மரியாதையை அதற்குத் தர வேண்டும் என்பது அவர் உபதேசத்தின் சாரம். ‘மெதுவாக வைப்பது’ என்ற அந்தச் சிறு செயலில் பற்றின்மையின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. எறிபவனும் துடைப்பத்தை விடுகிறான், மெதுவாக வைப்பவனும் விடுகிறான். முதலாமவனிடம் இருப்பது அலட்சியம், இரண்டாமவனிடம் இருப்பது நன்றி.

இந்த அளவுகோலைக் கங்கைக்கும் பொருத்திப் பார்ப்பது நம் கடமை. நச்சு வண்ணம் பூசிய சிலையை ஆற்றில் தள்ளிவிட்டு வருவது வழியனுப்புதல் ஆகாது, எறிதலே ஆகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் சிலை கரைப்பதற்கான நெறிமுறைகளை வகுத்து, 2020-இல் திருத்தி வெளியிட்டது. கொல்கத்தாவின் படித்துறைகளில், நீரில் இறக்கிய சிலைகளைப் பாரந்தூக்கிகள் உடனே கரையேற்றுவதையும் காணலாம். அன்னையை அனுப்பிவைக்கும் அன்பு, அவளை ஏற்கும் ஆற்றின்மீதும் இருக்கத்தானே வேண்டும்!

வெற்றிடத்தில் ஒரு விளக்கு

அன்னை சென்ற பின் பந்தல் வெறுமையாகிறது. நேற்றுவரை மேளமும் தூபமும் மக்கள் வெள்ளமும் நிறைந்திருந்த இடத்தில், சிலை இருந்த மேடையில், ஓர் அகல்விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அந்த வெறுமையைக் கண்டு கலங்காத வங்காளி இல்லை. ஆனால் அந்த இரவில்தான் பெரியவர்களின் பாதம் பணிகிறார்கள், பகை மறந்து தழுவிக்கொள்கிறார்கள், இனிப்பு வழங்குகிறார்கள். உருவம் இருந்த இடம் காலியானபோது அங்கே மனிதருக்கு இடம் கிடைக்கிறது.

வெற்றிடத்தின் இந்தப் பெருமையை ஜப்பானியர் நன்கு உணர்ந்தவர்கள். 1902-இன் தொடக்கத்தில் ஒகாகுரா என்ற ஜப்பானியக் கலையறிஞர் பேலூருக்கு வந்து சுவாமிஜியைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து புத்தகயைக்கும் சென்றார்கள். பின்னாளில், 1906-இல் வெளியான தம் தேநீர் நூலில் அவர், ஜப்பானியத் தேநீர் அறையை வெறுமையின் இல்லமாக விளக்கினார். அங்கே எதுவும் நிலையாக வைக்கப்படுவதில்லை. அன்றைய நாளுக்கென ஒரு மலர் வைக்கப்படும்; பிறகு அதுவும் அகற்றப்படும். நம் வேதாந்தம் குடத்து வெளியை உவமை காட்டுகிறது. குடம் இருக்கும்போது வெளி சிறியதாய்த் தோன்றுகிறது. குடம் உடைந்தால் வெளி உடைவதில்லை. எங்குமுள்ள வெளியாகவே அது எப்போதும் இருந்தது என்பது தெரிகிறது.

உப்புப் பொம்மையின் பயணம்

கடலின் ஆழத்தை அளந்துவரப் புறப்பட்ட உப்புப் பொம்மையைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் பலமுறை கூறியிருக்கிறார். இறங்கியதும் அது கரைந்துவிட்டது. ஆழத்தைத் திரும்பி வந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? இதைக் கேட்கும்போது பொம்மைக்காக நாம் சற்று வருந்துவதுண்டு. பொம்மை எதை இழந்தது? கை, கால் என்ற வடிவத்தை இழந்தது. உப்பாக இருந்த அதன் தன்மையில் ஒரு துகளும் குறையவில்லை. அது கடலைச் சேர்ந்ததாகத்தான் முன்பும் இருந்தது.

நாம் அந்த நிலைக்கு வெகு தொலைவில் இருக்கலாம். ஆயினும் அதற்கான பயிற்சி நாள்தோறும் நம் வீட்டிலேயே கிடைக்கிறது. காலையில் இடும் கோலம் மாலைக்குள் எறும்புக்கும் காற்றுக்கும் போய்விடும். அதனால் நம் தாய்மார்கள் புள்ளியைக் கோணலாக வைப்பதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாரை அழைத்துவந்து, அருகம்புல் சாத்தி, நைவேத்தியம் படைத்து, நீர்நிலைக்கு வழியனுப்புகிறோம். ஓய்வு பெறும் நாளில் மேசையை ஒழுங்குபடுத்தி, கோப்புகளை அடுத்தவருக்கு விளக்கமாக ஒப்படைத்துவிட்டு வருபவர் கர்மயோகத்தின் கடைசிப் பாடத்தையும் தேறியவர்.

ஆகவே செய்யும்போது இது என்றும் நிலைக்கும் என்பதுபோல் கவனமாகச் செய்வோம். விடும்போது இது என்றுமே நம்முடையதாக இருந்ததில்லை என்ற தெளிவோடு மெதுவாக வைப்போம். கவனமாகச் செய்யாதவனுக்கு விடுவதற்கு ஒன்றும் இல்லை. அன்போடு செய்தவனுக்கோ, விட்ட பிறகும் உள்ளத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.